செவலை தின்ற மாடு

காலை ஆறரை மணிக்குச் செண்பகராஜ் அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தபோது கல்யாணசுந்தரி இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“யம்மா, ஒங்க மாட்ட எவனோ கொன்னு போட்டாம்மா. கொடலெல்லாம் வெளிய கெடக்கு. ஒடனே வாங்க.”

அவள் வீட்டில் மாடு கிடையாது. கணவர் தங்கப்பாண்டியன் சின்னதாகத் தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவர். குச்சி காயப்போடவே இடம் போதாத வீட்டில் மாட்டை எங்கே கட்டுவது? அண்ணாச்சி சொன்னது, அவள் கேரிபேக்குகளால் செய்து மைதானத்தில் நிறுத்தியிருந்த மாட்டை. செண்பகராஜ் கடலைமிட்டாய் வியாபாரி. பாகை ஒரு கம்பிப் பதம் கூட்டியே காய்ச்சிப் பழகியவர், சேதியையும் அப்படித்தான் சொல்வார் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். ஆனாலும் மாவு தட்டுக்கு வெளியே வழிந்தது.

நாலு மாத உழைப்பு அந்த மாடு. அதற்கு முன்னால் ஒரு கிளி. இரண்டு வருடத்துக்கு முன், வீட்டில் சேர்ந்துபோன பைகளை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கிளி செய்து பார்த்தாள். கிளி நன்றாக வந்துவிட்டது. வினை அங்கேதான் ஆரம்பித்தது. அப்புறம் மயில், மீன், ஆமை. பைக்குத் தடை வந்து வருடங்கள் ஓடியும் பை மட்டும் கோவில்பட்டியை விட்டுப் போன பாடில்லை. ஆகவே சரக்குக்குப் பஞ்சமில்லை. பள்ளிக்கூடங்களில் கூப்பிட்டார்கள், சங்கங்களில் சால்வை போட்டார்கள். ‘நம்ம பாமர சனங்களுக்கு விழிப்புணர்வு வரணும், படிச்ச நாமதான் அவங்க கண்ணைத் திறக்கணும்’ என்று பதினோரு மேடையில் பேசிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் கைதட்டல் விழும் இடம் அவளுக்கு முன்கூட்டியே தெரியும். “ஊரெல்லாம் குப்பைய வெளிய கொட்டுது, நீ மாடிக்கு ஏத்துத” என்று தங்கப்பாண்டியன் கேலி செய்வார். விருந்தாளி வந்தால் முதல் ஆளாக மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறவரும் அவர்தான்.

செய்முறை அவளே கண்டுபிடித்தது. பைகளைக் கழுவிக் காயவைத்து, வெட்டி, பழைய பேப்பருக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட்டால் தோல் போலத் தடித்த தாள் கிடைக்கும். மூங்கில் சிம்பில் கூடு கட்டி, பேப்பரும் பையுமாக மாறி மாறி ஒட்டிக்கொண்டே போவாள். ஒட்டுவதற்கு மைதாப் பசை. தீப்பெட்டி ஆபீஸ்களில் பசை காய்ச்சும்போது எலியும் கரப்பானும் தின்னாமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள், அது விஷம். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கிற பொருளாயிற்றே என்று கல்யாணசுந்தரி துத்தம் கலக்கமாட்டாள். தினமும் ஒரு குண்டான் சுத்தமான பசை வீட்டிலேயே காய்ச்சுவாள். மிஞ்சிய பசையும் குண்டான் கழுவிய தண்ணீரும் கொல்லைப்பக்கத்துக் கழுநீர் வாளிக்குப் போகும். அந்த வாளியைச் சாயங்காலம் பாலம்மாள் வந்து தன் மாட்டுக்கு எடுத்துப் போவாள். வாயில்லாச் சீவனுக்கு ஒரு வேளை ஆகாரம், புண்ணியத்துக்குப் புண்ணியம் என்று கல்யாணசுந்தரிக்கு அதில் ஒரு நிறைவு.

பாலம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் வானம் பார்த்த பூமியில் இரண்டு ஏக்கர் வைத்து விவசாயம் பார்த்தவள். புருஷன் போன பிறகு ஒற்றை மாட்டைப் பிடித்துக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்து, எட்டயபுரம் ரோட்டு ஓரம் ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறாள். மாட்டுக்குப் பேர் செவலை. இப்போது எட்டு மாதச் சினை, பால் வற்றிவிட்டது. அது கன்று ஈன்றால்தான் இனிப் பால். பால் வந்தால்தான் அவள் வீட்டில் அடுப்பெரியும். பிளாஸ்டிக் மாட்டுக்கு அளவெடுக்கக் கல்யாணசுந்தரி நாலு நாள் செவலையைத்தான் கொல்லையில் நிறுத்தி இஞ்சு டேப்பால் அளந்தாள். கொம்பு முதல் குளம்பு வரை அதே அளவு. வயிற்றில் மட்டும் கண்ணாடித் தாள் பதித்து உள்ளே பைகளைத் திணித்து, ‘உங்கள் பை, என் வயிறு’ என்று எழுதி வைத்தாள். பசுங்கரிசல் இயக்கம் என்று செண்பகராஜும் நாலு பேரும் சேர்ந்து நடத்தும் அமைப்பின் மூன்று நாள் கண்காட்சிக்கு அதுதான் கதாநாயகன். முந்தின நாள் திறப்பு விழாவில் நிஜச் செவலைக்கும் ஒரு மாலை போட்டார்கள். பாலம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்து கல்யாணசுந்தரியின் பேச்சுக்குக் கை தட்டினாள்.

மைதானத்தில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் கல்யாணசுந்தரி நேரே மாட்டிடம் ஓடினாள். அண்ணாச்சி இந்தத் தடவை கூட்டிச் சொல்லவில்லை. மாட்டின் முதுகைக் காணோம். கழுத்தைக் காணோம். ஒரு பின்னங்கால் முழங்கால் வரைக்கும்தான் இருந்தது. மூங்கில் விலா தெரிய, கண்ணாடித் தாள் கிழிந்து, வயிற்றுக்குள் இருந்த பைகள் மண்ணில் இழுபட்டுக் கிடந்தன.

கூட்டம் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னது. “குடிகாரப் பயலுவ வேலை.” “இல்லவே, பை விக்கிறவன் எவனோ வயித்தெரிச்சல்ல செஞ்சிருக்கான்.” “போலீசுல எழுதிக் குடுங்கம்மா.”

“கை வெளங்காமப் போவான்!” என்று கல்யாணசுந்தரி கத்தினாள். ஆயுசில் யாரையும் சபித்தறியாதவள். தன் குரலா இது என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. “சோத்துக்குக் கையை நீட்டும்போது அந்தக் கை விழுந்துரணும்!”

செண்பகராஜ் அவளைத் தோளணைக்காத குறையாக எதிரே இருந்த தன் கடைக்குக் கூட்டிப் போனார். கடை வாசலில் கேமரா மாட்டி மூன்று மாதம்தான் ஆகிறது, அது மைதானத்தின் இந்தப் பக்கத்தையும் பார்க்கும் என்பது அவருக்கே அப்போதுதான் நினைவு வந்தது. “கள்ளன் மாட்டிக்கிட்டாம்மா” என்று வெல்ல வாசம் அடிக்கிற பின்கட்டில் சின்னத் திரையைத் தட்டிவிட்டார்.

விடிகாலை நாலு ஐம்பதுக்கு மூன்று மாடுகள் வந்தன. இரண்டு மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி நின்றன. மூன்றாவது எங்கும் நிற்கவில்லை. தன் வீட்டுத் தொட்டிக்குப் போவதுபோல நேரே வந்தது. இடது கொம்பின் நுனி உடைந்த மாடு. கழுத்தில் வாடிய மாலை. முதலில் பிளாஸ்டிக் மாட்டின் தோளை நக்கியது. நக்கி நக்கி அந்த இடம் ஊறியதும் பல்லால் பற்றி இழுத்தது. பேப்பரும் பையும் சேர்ந்து உரிந்து வந்தன. தலையை ஆட்டி ஆட்டி அதை உள்ளே வாங்கிக்கொண்டது. மறுபடி நக்கியது.

“மாட்ட மாடு திங்குது” என்றார் செண்பகராஜ். சொன்ன பிறகு அவருக்கே அது சிரிக்கிற விஷயமில்லை என்று பட்டது.

சுவரில் ஒட்டிய போஸ்டரை மாடு உரித்துத் தின்பதைப் பார்க்காதவர்கள் இந்த ஊரில் உண்டா? பேப்பருக்காகவா தின்கிறது? பின்னால் இருக்கும் பசைக்காகத் தின்கிறது. கல்யாணசுந்தரியும் பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள்தான். நாலு மாதம், குண்டான் குண்டானாக மைதாவைக் காய்ச்சிப் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக்கைப் பதித்து, மாடுகள் திரிகிற திறந்த மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்தியபோது அவள் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ தெரியவில்லை. மாடு பிளாஸ்டிக் தின்னக்கூடாது என்று சொல்வதற்காக, மாட்டுக்குப் பிளாஸ்டிக்கை ருசியாகச் சமைத்து வைத்திருக்கிறாள்.

முதுகு, கழுத்து, ஒரு கால். காணாமல் போனது எல்லாம் இப்போது அந்த மாட்டின் வயிற்றில் இருக்கிறது.

“அண்ணாச்சி, இது பாலம்மாக்காவோட செவலை. எட்டு மாசச் சினை.”

“தெரியுதும்மா. ஆனா இப்போதைக்கு வெளிய சொல்லாண்டாம். நாளைக்கு மேலதிகாரிங்க எல்லாம் வாராங்க. ஒங்க பேரும் கெடும், இயக்கத்துப் பேரும் கெடும். எவனோ குடிகாரன்னு விட்டுருவோம்.”

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அதுவும் சரிதானே என்று அவள் மனது சொன்னது. அந்த நிமிஷத்தைப் பின்னால் அவள் யாரிடமும் சொன்னதில்லை. “பேரு கெடக்கு, ஆட்டோவக் கூப்பிடுங்க” என்று எழுந்தாள்.

கொட்டகை முன்னால் செவலை தலையைத் தொங்கப் போட்டு நின்றது. அசை போடவில்லை. இடது பக்கம் வயிறு மேடு தட்டியிருந்தது. பாலம்மாள் ஒரு கையில் வேப்பெண்ணெய்க் கிண்ணத்தோடு அதன் வாயருகே நின்றாள்.

“காலையில இருந்து தண்ணி குடிக்க மாட்டேங்குதும்மா. மூஞ்சத் திருப்புது.”

கல்யாணசுந்தரி ஒன்று விடாமல் சொன்னாள். பாலம்மாள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்து நின்றாள். அவள் கத்தவில்லை. மாட்டின் கழுத்து மாலையைக் கழற்றிக் கூரையில் செருகிவிட்டு, “ரொம்பத் தின்னுருச்சோ?” என்று மட்டும் கேட்டாள்.

குட்டியானை லோடு வண்டி பிடித்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டாக்டர் உமாதேவி சின்னப் பெண், முப்பது வயதுதான் இருக்கும். ஆனால் வயிற்றில் கை வைத்ததும் முகம் மாறிவிட்டது. இடது விலாவை முஷ்டியால் அமுக்கினார். அமுக்கிய பள்ளம் அப்படியே நின்றது.

“அம்மா, தள்ளிப்போட முடியாது. வயித்தத் திறந்து எடுக்கணும். எடுத்தா தாயைக் காப்பாத்திரலாம்னு நம்புதேன். கன்னுக்கு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். எடுக்காம விட்டா ரெண்டும் இல்ல. நீங்கதான் சொல்லணும்.”

பாலம்மாள் மாட்டின் வயிற்றில், கன்று கிடக்கிற வலது பக்கம், உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். “இப்பக்கூட ஒதைக்குது” என்றாள். அப்புறம், “தாய் பொழைக்கட்டும் டாக்டரம்மா” என்று சொல்லிவிட்டு, நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தாள்.

செவலையை நின்றபடியே இரும்புக் கம்பிகளுக்கு நடுவில் கட்டி, விலாவில் மயிரைச் சிரைத்து, மரத்துப்போக ஊசி போட்டார்கள். உதவிக்கு இருந்தவர் அன்று ஒருவர்தான். “நான் பிடிக்கேன்” என்று கல்யாணசுந்தரி தானாக முன்வந்து கையுறை மாட்டிக்கொண்டாள். பாவத்துக்குப் பரிகாரம் உடனே செய்துவிட வேண்டும் என்ற அவசரம் அவளுக்கு.

டாக்டர் தோள் வரை கையை உள்ளே விட்டார். முதலில் வந்தது பளபளவென்று சிவப்பும் பழுப்பும், ஊறிய பேப்பரோடு. கல்யாணசுந்தரிக்குத் தெரிந்தது, அது முதுகு. அடுத்தது கழுத்து. அன்னக்கூடையில் அரைக் கூடைகூட நிரம்பவில்லை, புதுச் சரக்கு அவ்வளவுதான்.

டாக்டர் கையை எடுக்கவில்லை. மறுபடி விட்டார். நெற்றி சுருங்கியது.

“கீழ இன்னொன்னு இருக்கு. பாய் சுருட்டி வச்ச மாதிரி. இது இன்னைக்குத் தின்னது இல்ல.”

அதை ஒரே இழுப்பில் எடுக்க முடியவில்லை. கத்தரித்துக் கத்தரித்து எடுத்தார்கள். கறுத்து, முறுக்கி, நாறி, கயிறு கயிறாக வந்துகொண்டே இருந்தது. ஒரு கூடை, இரண்டு கூடை, மூன்று. பார்த்துக்கொண்டிருந்த செண்பகராஜ் வெளியே ஓடிப்போய் வாந்தியெடுத்தார். நாலாவது கூடை நிறையும்போது டாக்டர் கேட்டார்: “ஊர்க் குப்பையில மேயுற மாட்டு வயித்துல என்னென்னவோ இருக்கும், ஆணி, செருப்பு, துணி. இதுல அதெல்லாம் கம்மி. எல்லாம் ஒரே மாதிரித் துண்டா இருக்கு. இந்த மாட்டுக்கு யாராவது வழக்கமா எதாவது வைக்கீங்களா?”

கல்யாணசுந்தரி கூடையிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தண்ணீர்க் குழாயில் காட்டினாள். அழுக்குப் போனதும் நீலம் தெரிந்தது. பையின் கைப்பிடி. கைப்பிடி மட்டும். வெட்டிய ஓரம் நேராக இல்லை, பல் பல்லாக இருந்தது. இன்னொன்றைக் கழுவினாள். மஞ்சள் கைப்பிடி, அதே பல் ஓரம். இன்னொன்று. இன்னொன்று.

கைப்பிடி இஸ்திரிக்குப் படியாது. அதனால் ஒவ்வொரு பையிலும் முதல் வேலையாக அவள் அதை வெட்டி எறிவாள். வெட்டுவது மதுரையில் வாங்கிய நெளிவு கத்தரிக்கோலால். பசைக் கையோடு வெட்டி, வெட்டிய துண்டு மேசையில் விழுந்ததா, குண்டானில் விழுந்ததா என்று ஒருநாளாவது பார்த்திருக்கிறாளா? குண்டானைக் கழுவுவது கழுநீர் வாளியில். ஊரில் வேறு எவளும் பையின் கைப்பிடியைப் பல் பல்லாக வெட்டுவதில்லை. இரண்டு வருடக் கிளியும் மயிலும் மீனும் ஆமையும் கூடையில் கிடந்தன.

செவலை ஏன் நேராக வந்தது என்பதும் அப்போது விளங்கியது. மற்ற மாடுகளுக்குத் தெரியாத அந்தப் பசை அதற்கு இரண்டு வருடப் பழக்கம். அவள் கைப்பக்குவம் அது.

“எந்தப் படுபாவி இப்பிடி வெட்டி வெட்டிப் போட்டானோ” என்று வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்த செண்பகராஜ் பொரிந்தார். “அவனக் கண்டுபிடிச்சு நடுரோட்டுல நிறுத்தணும். மனுசனா அவன்?”

“விடுங்க அண்ணாச்சி” என்றாள் பாலம்மாள். அவள் கூடைப் பக்கமே திரும்பவில்லை, மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்துவிட்டது. காலையில் ஒரு தப்பை ஒத்துக்கொண்டு வந்தபோது இருந்த துணிச்சல் இப்போது எங்கே போனது? காலையில் சொன்னது ஒரு ராத்திரி விபத்து. இது இரண்டு வருடம். கல்யாணசுந்தரி நாலு கூடையையும் பரபரவென்று ஒரு சாக்கில் கவிழ்த்து, “நான் கொண்டுபோய் அப்புறப்படுத்துதேன், இங்கன கெடக்க வேண்டாம்” என்று சாக்கு வாயை இறுகக் கட்டினாள். அதை அவள் இழுத்துப் போகும்போது, இனி மறைக்க முடியாது, புகழாகவே மாற்றிவிடலாம் என்று செண்பகராஜ் போட்டோ எடுத்தார். சாயங்காலத்துக்குள் அது ஊர் பூராவும் செல்போனில் சுற்றியது. ‘தவறை மறைக்காமல் பசுவின் உயிர் காத்த கலைஞர்’ என்று தலைப்பு. தெரிந்தவர், தெரியாதவர் எல்லாம் அவளைப் புகழ்ந்தார்கள். ‘இந்தக் காலத்தில் இப்படி ஒரு நேர்மையா’ என்று ஒரு தலைமையாசிரியர் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு அவள் போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் காரியம், கொல்லைக்குப் போய்க் கழுநீர் வாளியைத் துணி துவைக்கிற கல்லில் சாய்த்தது. கண்காட்சி அமளியில் இரண்டு நாளாகப் பாலம்மாள் எடுக்க வரவில்லையாதலால் வாளி நிறைய இருந்தது. மேலே அரிசி களைந்த தண்ணீர், காய்த்தோல். அடியில் கொழகொழவென்று பசை. பசையைக் கையால் துழாவினாள். ஒன்று வந்தது. இரண்டு. ஏழு கைப்பிடிகள், பல் பல்லாக, ஒரே நாள் பசைக்குள். கல்லின்மேல் வரிசையாகக் கிடந்த அவற்றைப் பார்த்ததும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “என்னட்டி, மயக்கம் வருதா?” என்று தங்கப்பாண்டியன் ஓடி வந்தார். அவள் அந்தத் துண்டுகளை முந்தானையால் மூடினாள்.

இரண்டு நாள் காலையும் மாலையும் கல்யாணசுந்தரி பாலம்மாளின் கொட்டகைக்குப் போனாள். அகத்திக்கீரை, தவிடு, மருந்து என்று சுமந்து போய்க் கொடுத்தாள். செவலை தையலோடு எழுந்து நின்றது, இரண்டாம் நாள் நாலு வாய் கீரை தின்றது. ‘பொழச்சிரும்’ என்று டாக்டர் சொன்னார். கன்றைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் கைப்பிடி விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று கல்யாணசுந்தரி கிளம்புவாள். பாலம்மாள் முகத்தைப் பார்த்ததும், மாடு தேறட்டும், அப்புறம் சொல்லலாம் என்று திரும்பி வந்துவிடுவாள்.

மூன்றாம் நாள் காலை பாலம்மாளே போன் செய்தாள். “கன்னு விழுந்துட்டும்மா. உசுரில்ல.” அவ்வளவுதான் சொன்னாள்.

கல்யாணசுந்தரி போனபோது கொட்டகைக்குப் பின்னால் கரிசல் தரையில் குழி தோண்டியாகிவிட்டது. கன்றை ஒரு பழைய சேலையில் சுற்றி ஓரமாக வைத்திருந்தார்கள், முகம் மட்டும் தெரிந்தது. பெண் கன்று, கிடாரி. தாயைப் போலவே சிவப்பு. இமை ரோமம்கூட முளைத்திருந்தது. செவலை கட்டுத்தறியில் நின்று அந்தப் பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டு மனுஷியாகப் பிறந்தவள் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியாது.

“பாலம்மாக்கா.” மறுபடி கூப்பிட்டாள். “பாலம்மாக்கா, வயித்துல இருந்து எடுத்தமே, அந்தத் துண்டெல்லாம் என் வீட்டுது. நான் வெட்டுனது. பசையோட வாளியில விழுந்திருக்கு. ரெண்டு வருசமா நான்தான் ஒங்க மாட்டுக்கு ஊட்டியிருக்கேன். அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. பயந்துக்கிட்டுச் சாக்குல கட்டிக் கொண்டு போயிட்டேன். என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க.”

பாலம்மாள் கன்றின் முகத்தில் சேலையை இழுத்து மூடினாள்.

“தெரியும்மா” என்றாள்.

கல்யாணசுந்தரிக்கு முதலில் புரியவில்லை. “எது தெரியும்? அன்னைக்கு ஆஸ்பத்திரியிலயே கண்டுபிடிச்சிட்டீங்களா?”

“அன்னைக்கு என்ன, ஆரம்பத்துல இருந்தே தெரியும். தெனம் சாயந்தரம் தொட்டியில ஊத்துறதுக்கு முந்தி வாளிக்குள்ள கையை விட்டுத் தொழாவுவேன். பத்துக் கெடக்கும், பன்னெண்டு கெடக்கும். ஆப்புட்டத எடுத்து வீசிட்டு வைப்பேன். ஆப்புடாதது அதுபாட்டுக்கு உள்ள போயிருக்கு.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! ஏங்க்கா சொல்லல?”

“சொல்லணும்னுதான் ரெண்டு தடவ வந்தேன். ஒரு தடவ நீங்க பட்டுச்சீலை கட்டிக்கிட்டுக் கூட்டத்துக்குக் கெளம்பிட்டு இருந்தீங்க. இன்னொரு தடவ பிளாஸ்டிக்கால மாடு சாவுதுன்னு டிவிக்காரவியகிட்டப் பேசிட்டு இருந்தீங்க. ஊருக்கே சொல்லுத ஒங்ககிட்ட, ஒங்க வாளியில கெடக்குன்னு நான் என்னன்னு வந்து சொல்ல? கைநாட்டுக்காரி. சொன்னா மனசு நொந்து பசைய நிறுத்திருவீங்களோன்னு அதுவேற பயம். மழையத்த காட்டுல புல்லு எங்க இருக்கு? அந்தப் பசையிலதானே என் மாடு நின்னுச்சு.”

அவள் அழவில்லை. கல்யாணசுந்தரியின் முகத்தைப் பார்த்து, கணக்காக, நிதானமாகச் சொன்னாள்:

“நீங்க தெரியாம ஊத்துனீங்க. நான் தெரிஞ்சே வச்சேன்.”

அந்தக் கண்காட்சியின் முன்வரிசையில், ‘பாமர சனங்களுக்கு விழிப்புணர்வு வரணும்’ என்று தான் சொன்ன இடத்தில், எல்லாம் தெரிந்த இந்தப் பொம்பளை கை தட்டினாளே என்று நினைத்தபோது கல்யாணசுந்தரிக்கு உடம்பெல்லாம் கூசியது. குற்றத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்க வந்தவள், இப்போது யார் யாரை மன்னிப்பது என்றே தெரியாமல் நின்றாள்.

பாலம்மாள் குனிந்து கன்றை இரண்டு கையாலும் தூக்கிக் குழியில் இறக்கினாள். ஒரு கை உப்பை அள்ளிப் போட்டாள். மண்ணைத் தள்ள ஆரம்பித்ததும் கல்யாணசுந்தரி கிட்டே போய், “குடுங்கக்கா, நான் தள்ளுதேன்” என்று மண்வெட்டிக்குக் கை நீட்டினாள். பாலம்மாள் கொடுக்கவில்லை. கரிசல் மண் கட்டி கட்டியாக விழுந்தது. முழுக் குழியையும் அவளே மூடினாள்.